முள்ளை அறியாத கால்

கரிசல் காட்டில் நடந்து வளர்ந்தவர்களுக்கு முள்வாங்கியைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிகளில் ஒரு தலைமுறைக்கு முந்தைய உழவர்கள் பலரின் அரைஞாண் கயிற்றில் சிறிய இரும்பு வளையம் ஒன்று தொங்கும். அதில் முள்வாங்கியும், காதுக் குறும்பி எடுக்கும் சிறு கரண்டியும் கோத்திருக்கும். பருத்திக் காட்டிலோ வேலியோரத்திலோ கருவேல முள் ஏறிவிட்டால் உட்கார்ந்து காலைத் தொடைமேல் போட்டு, முள்ளை வாங்கிவிட்டு, எச்சில் தொட்டு வைத்துவிட்டு எழுந்து போவார்கள். இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை என்றுதான் நமக்குத் தோன்றும்.

ஆனால் அவர் உட்காருவதற்கு முந்தைய கணத்தில் நடப்பவற்றை நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் வியப்பு தொடங்குகிறது. முள் தோலைக் குத்திய உடனே, ‘முள்’ என்று மனம் சொல்வதற்கு முன்பே, கால் தானாகத் தூக்கப்படுகிறது. உடலின் எடை முழுவதும் மறுகாலுக்கு மாறுகிறது. முதலில் சுருக்கென்று ஒரு வலி. அது எங்கே என்று விரல்நுனி அளவுக்குத் துல்லியமாகச் சொல்லிவிடலாம். அதன்பின் ஓரிரு நொடி கழித்து மெல்லப் படரும் இன்னொரு வலி. அது காந்தும், அதற்கு எல்லை தெரியாது. அடுத்த இரண்டு நாட்களுக்கு அவர் பாதத்தின் அந்தப் பகுதியை ஊன்றாமல் சற்றே சாய்த்து நடப்பார். அப்படி நடப்பது அவருக்கே தெரியாது. பார்ப்பவர்கள்தாம் என்ன, விந்துகிறாய் என்று கேட்பார்கள்.

கூரிய ஒன்று குத்துவதை, நசுக்குவதை, கிள்ளுவதை உடல் எப்படி ஆபத்து என்று அறிகிறது? வருடலுக்கும் கீறலுக்கும் வேறுபாடு காண்பது எது? இக்கேள்விகளுக்கு ஐரோப்பாவின் ஆய்வகங்களில் ஒரு வரலாறு உண்டு. அதைவிட நமக்கு நெருக்கமான இன்னொரு வரலாறு தமிழ்நாட்டிலேயே உண்டு. அது வலியை ஆராய்ந்தவர்களின் வரலாறு அன்று. வலியை இழந்தவர்களின் வரலாறு. பெரம்பலூரிலிருந்து மேற்கே பார்த்தால் பச்சைமலை தெரியும். அதைத் தாண்டித் துறையூர். துறையூருக்கும் மேற்கே கொல்லிமலை. நம் கதையின் முதன்மை மனிதர் அங்கே பிறந்தவர்.

இலக்கிய வாசகர்களுக்குக் கொல்லிமலை என்றால் பாவையும் வல்வில் ஓரியும் நினைவுக்கு வருவார்கள். ஓரியின் ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்து உயிர்களை வரிசையாகத் துளைத்ததாகப் புறநானூற்றில் படித்திருக்கிறோம். எய்தவனின் திறம் பாடப்பட்டது. எய்யப்பட்டவற்றின் தோல் அந்த அம்பை எப்படி அறிந்தது என்பது புலவரின் கவலை அன்று. 1914 ஜூலை 17 அன்று அந்த மலையில் ஜெஸ்ஸி பிராண்ட், எவலின் பிராண்ட் என்ற ஆங்கிலேய மிஷனரித் தம்பதியருக்குப் பால் பிராண்ட் பிறந்தார். ஜெஸ்ஸி முறையான மருத்துவர் அல்லர். ஓரளவு வெப்பமண்டல மருத்துவப் பயிற்சி மட்டும் பெற்றவர். மலைவாழ் மக்களுக்குப் பல் பிடுங்குவதும், நரம்புச் சிலந்திப் புழுவைக் காலிலிருந்து சுற்றி எடுப்பதும் அவருடைய அன்றாட வேலைகளாக இருந்தன.

பால் பிராண்ட் பிற்காலத்தில் திரும்பத் திரும்பச் சொன்ன ஒரு குழந்தைப் பருவ நினைவு உண்டு. ஒருநாள் மூன்று பேர் மலையேறி அவர்கள் வீட்டுக்கு வந்தார்கள். கைகளிலும் கால்களிலும் புண்கள், விரல்கள் குறைந்திருந்தன. பிள்ளைகளை உள்ளே இருக்கச் சொல்லிவிட்டார்கள். எவரையும் கையால் தொட்டு மருத்துவம் பார்க்கும் தந்தை அன்று கையுறை அணிந்துகொண்டு அவர்களின் புண்களைக் கழுவிக் கட்டுப்போட்டார். தாய் ஒரு கூடையில் பழம் கொண்டுவந்து சற்றுத் தள்ளி வைத்தார். அவர்கள் போனபின் அந்தக் கூடை எரிக்கப்பட்டது. சிறுவனின் மனத்தில் நின்ற இன்னொன்று: புண்களைக் கழுவும்போது அவர்கள் முகம் சுளிக்கவில்லை.

பெருவியாதி என்றும் குஷ்டம் என்றும் அந்நாளில் சொல்லப்பட்ட தொழுநோயைப் பற்றி மலைவாசிகளும் மிஷனரிகளும் மருத்துவர்களும் ஒருமித்து நம்பியது ஒன்றுதான்: இந்நோய் வந்தவரின் சதை அழுகும், விரல்கள் உதிரும். ஊரைவிட்டுத் துரத்தியதற்கும் கூடையை எரித்ததற்கும் தொற்று பற்றிய அச்சம் ஒரு காரணம் என்றால், அழுகும் உடல் பற்றிய அருவருப்பு இன்னொரு காரணம். நோயை உண்டாக்கும் நுண்ணுயிரியை நார்வேயின் ஹான்சன் 1873லேயே கண்டுவிட்டார். அதனால் இந்த நம்பிக்கை ஆட்டம் காணவில்லை. கிருமி சதையைத் தின்கிறது என்று புதிய மொழியில் சொல்லிக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

இதே காலத்தில் ஐரோப்பியர் வலியைப் பற்றி என்ன எண்ணிக்கொண்டிருந்தார்கள் என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். தெகார்த் மறைந்தபின் 1664ல் பிரெஞ்சில் வெளிவந்த அவருடைய நூலில் ஒரு படம் உண்டு: தீக்கு அருகே கால்வைத்த ஒருவனின் பாதத்திலிருந்து மூளைவரை ஓர் இழை ஓடுகிறது. கோயில் மணியின் கயிற்றை இழுத்தால் மேலே மணி அடிப்பது போல வலி. இருநூறு ஆண்டுகளுக்கு மேல் இதில் பெரிய முன்னேற்றம் இல்லை என்றே சொல்லலாம். 1890களில் ஜெர்மனியின் மாக்ஸ் ஃபொன் ஃபிரை ஓர் எளிய கருவி செய்தார். வெவ்வேறு தடிமனுள்ள மயிரிழைகளைக் குச்சிகளில் ஒட்டி, அவை வளையும்வரை தோலில் அழுத்தினார். ஒவ்வோர் இழையும் குறிப்பிட்ட விசையில்தான் வளையும் என்பதால் தோலில் செலுத்தும் விசையை அளக்க முடிந்தது. தோலில் சில புள்ளிகள் தொடுகையை மட்டும் அறிவதையும், வேறு சில புள்ளிகள் வலியை மட்டும் தருவதையும் அவர் வரைபடமாகக் குறித்தார். வலி என்பது மிகையான தொடுகையா, அல்லது தனிப் புலனா என்ற சண்டை இங்கிருந்து தொடங்குகிறது.

இந்தச் சண்டை தமிழில் ஒரே சொல்லுக்குள் கிடப்பதை இங்கே சுட்டாமல் இருக்க முடியவில்லை. ‘ஊறு’ என்றால் தொட்டறியும் புலன், ஐம்புலன்களுள் ஒன்று. ‘ஊறு’ என்றால் தீங்கு, காயம் என்றும் பொருள். தொடுகையும் காயமும் ஒரு சொல்லில் குடியிருக்கின்றன. அவை ஒரே வாசல் வழியாகத்தான் உள்ளே வருகின்றனவா என்பதே பின்னர் வந்த நூறாண்டுகளின் கேள்வி.

இங்கிலாந்தின் ஷெரிங்டன் 1906ல், உடலுக்குத் தீங்கு தரும் தூண்டலை அறியும் நரம்பு முனைகள் தனியே இருக்க வேண்டும் என்று வாதிட்டு, அவற்றுக்கு இலத்தீன் வேர்ச்சொல்லிலிருந்து நோசிசெப்டர் என்று பெயரிட்டார். நம் ‘நோ’, ‘நோய்’ என்பவற்றோடு அதன் ஒலி ஒத்துப்போவது தற்செயல்தான் என்றாலும் நினைவில் வைக்க வசதியானது. நாம் அவற்றை ஊறுணர்விகள் என்று அழைப்போம். அவை உண்மையிலேயே இருக்கின்றன என்பதற்கு உறுதியான சான்று கிடைக்க மேலும் அறுபது ஆண்டுகள் ஆயின. 1967ல் அமெரிக்காவில் பர்ஜஸும் பெர்லும் பூனையின் தோலிலிருந்து வரும் தனித்தனி நரம்பிழைகளில் மின்துடிப்புகளைப் பதிவு செய்தார்கள். சில மெல்லிய இழைகள் வருடலுக்கும் மென்மையான அழுத்தத்துக்கும் அசையவே இல்லை. தோல் கிழியும் அளவுக்கு ஊசியோ இடுக்கியோ பட்டால் மட்டுமே துடித்தன. அதற்கு ஏழாண்டுகள் முன்பே, 1960ல், ஆட்டார் சிங் பெயிண்டல் என்ற இந்திய உடலியலாளர், தசையிலிருந்து வரும் மெல்லிய இழைகளில் ஒரு தொகுதி தசையை அழுத்திப் பிசையும்போது துடிப்பதைக் காட்டி, அவற்றை அழுத்த வலியின் உணர்விகள் என்று விளக்கியிருந்தார். நுரையீரலின் ஜே உணர்விகளைக் கண்டவர் என்ற அவருடைய பெரும்புகழில் இந்தத் தசை ஆய்வு மறைந்துபோய்விட்டது.

முள் குத்தியபோது வந்த இரண்டு வலிகளுக்கும் விளக்கம் இங்கேதான். மையலின் உறை மெல்லியதாகப் போர்த்திய இழைகள் நொடிக்கு ஐந்து முதல் முப்பது மீட்டர் வேகத்தில் செய்தி கொண்டு செல்கின்றன; சுருக்கென்ற முதல் வலி அவற்றுடையது. உறையற்ற இழைகள் நொடிக்கு ஒரு மீட்டர் அளவில் ஊர்ந்து போகின்றன. காந்தும் இரண்டாம் வலி அவற்றுடையது.

இனித் தமிழ்நாட்டுக்குத் திரும்புவோம். ஒன்பது வயதில் பால் பிராண்ட் படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். 1929ல் தந்தை கொல்லிமலையில் கருநீர்க் காய்ச்சலில் இறந்தார். மகன் சில ஆண்டுகள் தச்சும் கொத்தும் பயின்ற பிறகே மருத்துவத்துக்கு வந்தார் என்பது நம் கதைக்கு முக்கியம். பொருளின்மேல் விசை எப்படிப் பரவுகிறது என்று கையால் அறிந்த ஒருவர் பிறகு மனிதக் கையை ஆராயப்போகிறார். 1946ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்தார். 1947ல் தொழுநோய் மருத்துவர் ராபர்ட் காக்ரேன் அவரைச் செங்கல்பட்டுக்கு அருகே திருமணியில் இருந்த லேடி வெலிங்டன் தொழுநோய் இல்லத்துக்கு அழைத்துச் சென்றார்.

அங்கே விரல்கள் மடங்கி இறுகிய ஒரு நோயாளியிடம், தம் கையைப் பிடித்து முடிந்தவரை அழுத்தச் சொன்னார் பிராண்ட். வலுவில்லாத பிடியை எதிர்பார்த்தவருக்கு வலியில் கத்தும் அளவுக்கு இறுக்கம் கிடைத்தது. அந்த மனிதரோ தாம் இவ்வளவு அழுத்துகிறோம் என்பதை அறியாமல் அமைதியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த ஒரு கைகுலுக்கலில் இரண்டு உண்மைகள் இருந்தன. முதலாவது, அந்தக் கையில் நல்ல தசைகள் உயிரோடிருக்கின்றன. இரண்டாவது பிராண்டுக்கே உடனடியாகப் புரியவில்லை: எவ்வளவு அழுத்தினால் போதும் என்று சொல்லும் ஒன்று அந்தக் கையில் இல்லை.

முதல் உண்மை அறுவை சிகிச்சைக்கு வழிகாட்டியது. இறந்த நோயாளி ஒருவரின் உடலை ஆராய்ந்தபோது நரம்புகள் எல்லா இடத்திலும் கெடவில்லை என்று தெரிந்தது. முழங்கைக்குப் பின்னால் (இடித்துக்கொண்டால் சுண்டுவிரல்வரை சுர்ரென்று ஏறுமே, அந்த இடம்), மணிக்கட்டில், கணுக்காலுக்கு உட்புறம் என நரம்பு தோலுக்கு அருகே வரும் குளிர்ச்சியான இடங்களில் மட்டும் அது வீங்கிக் கெட்டிருந்தது. தொழுநோய்க் கிருமி உடலின் குளிர்ந்த பகுதிகளையே விரும்புகிறது. நரம்பிழையைப் போர்த்தியிருக்கும் ஷ்வான் உயிரணுக்களுக்குள் குடியேறுகிறது. ஆகவே முன்கையின் மேற்பகுதித் தசைகள் தப்பிவிடுகின்றன. அந்தத் தசைகளின் நாண்களை இடம் மாற்றித் தைத்து மடங்கிய விரல்களை நிமிர்த்தும் அறுவைகளை வேலூரில் அவர் செய்யத் தொடங்கினார். உலகெங்கும் அவர் பெயர் பரவியது இதனால்தான்.

ஆனால் இரண்டாம் உண்மையே பெரிது என்பது நம் எண்ணம். திருத்திய கைகளோடு வீட்டுக்குப் போனவர்கள் சில மாதங்களில் புதுப் புண்களோடு திரும்பினார்கள். நோய்தான் சதையைத் தின்கிறது என்ற பழைய விளக்கத்தை ஏற்றிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். பிராண்டும் அவருடன் பணியாற்றியவர்களும் கண்டது வேறு: அறுவை செய்த இடங்களும் கட்டுப்போட்டுப் பாதுகாத்த புண்களும் மற்றவர்களுக்கு ஆறுவது போலவே ஆறுகின்றன. சதை நல்ல சதைதான். அப்படியானால் புண் எங்கிருந்து வருகிறது?

ஒருநாள் துருப்பிடித்த பூட்டு ஒன்று திறக்க மறுத்தது. பிராண்ட் முயன்றும் சாவி திரும்பவில்லை. பக்கத்தில் நின்ற பத்து வயது நோயாளிச் சிறுவன், கொடுங்கள் என்று வாங்கி ஒரே திருகில் திறந்துவிட்டான். இவ்வளவு மெலிந்த கைக்கு இத்தனை வலு எப்படி என்று வியந்தவரின் கண்ணில் தரையில் விழுந்த இரத்தத் துளி பட்டது. சாவியின் விளிம்பு அவன் விரலை எலும்பு தெரியும்வரை அறுத்திருந்தது. அவனுக்குத் தெரியவில்லை. பிராண்டின் கை அந்தச் சாவியை விட்டுவிட்டதற்குக் காரணம் வலுக்குறைவு அன்று, வலி.

அதன்பின் வேலூரில் நடந்ததை ஒரு துப்பறியும் கதை என்றே சொல்லலாம். மருத்துவக் கல்லூரி வளாகத்தில் மண் குடிசைகளாக எழுந்த நவஜீவ நிலையத்தில் தச்சு வேலை முதலியன கற்றுக்கொண்டிருந்த இளைஞர்களின் உடலில் தோன்றும் ஒவ்வொரு புண்ணுக்கும் காரணம் தேடினார்கள். சுத்தியல் பிடியின் பிசிறு, சூடான தேநீர்க் குவளை, விரலால் அணைத்த விளக்குத் திரி, செருப்புக்குள் கிடந்த ஆணி என்று ஒவ்வொன்றாகப் பிடிபட்டன. ஒன்று மட்டும் பிடிபடவில்லை. இரவில் படுக்கும்போது இருந்த விரல்நுனி காலையில் இல்லை. பழைய நம்பிக்கையை இதைவிட நன்றாக நிறுவும் சான்று ஏது! இரவெல்லாம் விழித்திருந்து பார்த்தபோதுதான் எலிகள் வந்து கடிப்பது தெரிந்தது. வலி இல்லாததால் எவரும் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அன்றிலிருந்து நிலையத்தைவிட்டு வீடு திரும்பும் ஒவ்வொருவரோடும் ஒரு பூனையும் போயிற்று. மருத்துவ வரலாற்றில் பூனையை மருந்தாக எழுதிக்கொடுத்த இடம் வேறு உண்டா என்று தெரியவில்லை.

விரல்கள் உதிர்வதில்லை, காயமும் சீழும் எலும்பைக் கரைத்து அவற்றைக் குறுக்குகின்றன. அந்தக் காயங்களில் பெரும்பாலானவை தடுக்கக்கூடியவை. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகத் தெய்வக் குற்றம் என்றும் அழுகல் என்றும் கொள்ளப்பட்டதில் பெரும்பகுதி சாவியும் திரியும் எலியும் செய்த வேலை. கொல்லிமலை வாசலில் அமர்ந்திருந்த மூவரின் புண்களும் அப்படித்தான் வந்திருக்க வேண்டும்.

கையைவிடக் கால் கடினமான ஆசிரியர். பூட்டும் சாவியும் இல்லாமல், கல்லும் முள்ளும் இல்லாமல், வெறுமனே நடந்தாலே உணர்வற்ற பாதம் புண்ணாகிறது. ஏன்? நாம் தொலைதூரம் நடக்கும்போது உள்ளங்காலில் குறிப்பிட்ட இடத்தில் மீண்டும் மீண்டும் அழுத்தம் விழுகிறது. ஓர் அடி வைப்பதில் உள்ள விசை தீங்கற்றது. பல்லாயிரம் அடிகளுக்குப் பின் அந்த இடம் இலேசாக அழலத் தொடங்குகிறது. அழன்ற திசுவிலிருந்து கசியும் வேதிப்பொருட்கள் அங்குள்ள ஊறுணர்விகளின் வாசலைத் தாழ்த்திவிடுகின்றன. காலையில் உணராத அழுத்தத்தை மாலையில் வலியாக உணர்கிறோம். உடனே, அறியாமலேயே, நடையை மாற்றிக்கொள்கிறோம். எடையை வெளி விளிம்புக்குத் தள்ளுகிறோம், அடியைக் குறுக்குகிறோம். உணர்வற்றவரோ முதல் அடியைப் போலவே கடைசி அடியையும் அதே இடத்தில், அதே விசையில் வைக்கிறார். 1966க்குப் பின் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்துக் கார்வில் தொழுநோய் மருத்துவமனையில் பிராண்டின் குழு, மயக்கிய எலிகளின் பாதத்தை ஒரு பொறியால் மெல்ல, ஆனால் ஆயிரக்கணக்கான முறை அழுத்தி இதைச் சோதித்தது. ஒருமுறை அழுத்தினால் ஒன்றும் ஆகாத விசை, நாள்தோறும் தொடர்ந்தால் புண்ணாக்கியது. ஓய்வு கொடுத்துச் செய்தால் தோல் தடித்துத் தன்னைக் காத்துக்கொண்டது. வலி அடியை எண்ணிக் கணக்கு வைத்துக்கொள்கிறது என்பதே இதன் பொருள்.

இந்தப் புரிதலிலிருந்து இரண்டு பொருட்கள் கிடைத்தன. ஒன்று, பாதத்தோடு ஒட்டிப் படியும் மாவுக்கட்டு. இலங்கையில் மில்ராய் பால் என்ற அறுவை மருத்துவர் 1930களிலேயே கையாண்ட முறையை வேலூர்க் குழுவினர் செப்பனிட்டுப் பரப்பினார்கள். அழுத்தம் பாதம் முழுவதும் பரவிவிடுவதால் நடந்துகொண்டே புண் ஆறும். மற்றது, வேலூர், கரிகிரி மருத்துவமனைகளில் உருவான நுண்துளை ரப்பர் செருப்பு. எம்.சி.ஆர். செருப்பு என்று கடைப்பலகைகளில் நாம் காண்பது இதைத்தான். அதை இன்று சர்க்கரை நோயாளிகள்தாம் பெரிதும் வாங்குகிறார்கள். அதன் பின்னுள்ள கதையைக் கடைக்காரர்களும் அறிய மாட்டார்கள்.

தோற்ற முயற்சி ஒன்றையும் சொல்லியாக வேண்டும். கார்வில்லில் பிராண்டின் குழு செயற்கை வலி ஒன்றை உருவாக்க முனைந்தது. கையுறையிலும் காலுறையிலும் அழுத்த உணர்விகளைப் பொருத்தி, அளவு மீறினால் காதில் ஒலி எழச் செய்தார்கள். நோயாளிகள் ஒலியைப் பொருட்படுத்தவில்லை. உணர்வுள்ள அக்குளில் மின் அதிர்ச்சி தரும்படி மாற்றினார்கள். அது வலித்தது, ஆகவே கடினமான வேலை வரும்போது விசையை அணைத்துவிட்டு, வேலை முடிந்ததும் போட்டுக்கொண்டார்கள். பெரும் பொருட்செலவில் நடந்த திட்டம் கைவிடப்பட்டது. நம் வலியை நாம் அணைக்க முடியாது என்பதே அதன் பயன். 1993ல் பிலிப் யான்சியோடு சேர்ந்து எழுதிய நூலுக்கு, வலி யாரும் விரும்பாத பரிசு என்று பொருள்படும் தலைப்பைப் பிராண்ட் வைத்ததற்கு இந்தத் தோல்வியும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் தீராத வலியில் கிடப்பவரிடம் இத்தலைப்பைச் சொல்லத் துணிவு வேண்டும். பரிசு என்ற சொல்லில் மதபோதகரின் குரல் சற்று மிகுதி என்றே நமக்குப் படுகிறது. அவர் 2003ல் மறைந்தார்.

விசையை நரம்பு மொழியாக மாற்றும் மூலக்கூறு எது என்ற கேள்விக்கு அவர் காலத்தில் விடை இல்லை. வெப்பத்துக்கு விடை 1997ல் மிளகாய் வழியாக வந்தது: மிளகாயின் காரப்பொருளும் கொதிநீரும் ஒரே அயனி வாயிலைத் திறக்கின்றன என்று டேவிட் ஜூலியஸின் ஆய்வகம் கண்டது. அழுத்தத்துக்கான விடைக்குப் பொறுமை தேவைப்பட்டது. கலிஃபோர்னியாவில் ஆர்டெம் பட்டாபூட்டியனின் ஆய்வகத்தில் பெர்த்ராண்ட் கோஸ்ட், கண்ணாடி ஊசியால் குத்தினால் மின்துடிப்பு எழுப்பும் உயிரணு வகை ஒன்றை எடுத்துக்கொண்டு, ஐயத்துக்குரிய மரபணுக்களை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தார். எழுபத்திரண்டாவது மரபணுவை அணைத்தபோது உயிரணு ஊசியை உணராமல் போயிற்று. 2010ல் வெளியான அந்த வாயிலின் பெயர் பியெஸோ. கிரேக்கத்தில் அழுத்தம் என்று பொருள். அதன் உறவினரான பியெஸோ2 தொடுகையை அறிகிறது. ஜூலியஸும் பட்டாபூட்டியனும் 2021ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

அப்படியானால் முள்ளின் வாசல் திறந்துவிட்டதா? இல்லை என்பதுதான் சுவை. பிறவியிலேயே பியெஸோ2 இல்லாத சிலர் 2016 முதல் ஆராயப்பட்டனர். மென்மையான தொடுகை அவர்களுக்குத் தெரியவில்லை. கண்ணை மூடினால் தம் கைகால் எங்கிருக்கிறது என்றும் தெரியவில்லை. ஆனால் கிள்ளினால் வலித்தது. அதேவேளையில் 2018ல் வந்த ஆய்வுகள் இன்னொன்றைக் காட்டின: மிளகாய்ச் சத்துத் தடவிக் காந்தும் தோலில் பஞ்சு பட்டாலும் நமக்கு வலிக்கும், அவர்களுக்கு வலிக்கவில்லை. கிள்ளலின் வலி ஒரு வழி, புண்பட்ட இடத்தில் படும் தொடுகையின் வலி வேறொரு வழி. ஊறு என்ற ஒரு சொல்லின் இரு பொருள்களும் பிரிந்தும் கலந்தும்தான் இருக்கின்றன. கிள்ளலை அறியும் மூலக்கூறாக 2020ல் கனடாவின் மக்கில் பல்கலைக்கழகக் குழு ஒன்றை முன்வைத்தது; அது வாயிலே அன்று என்று அடுத்த ஆண்டே பல ஆய்வகங்கள் மறுத்தன. ஊசிமுனை நரம்பில் எதைத் தள்ளித் திறக்கிறது என்பது இன்னும் முழுமையாகத் தீராத வழக்கு.

2019ல் ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்திலிருந்து வந்த ஒரு செய்தி தொழுநோய் வரலாறு அறிந்தவர்களை நிமிர்ந்து உட்கார வைக்கும். எலியின் தோலில் ஊறுணர்வி முனைகளைத் தழுவிக் கிடக்கும் ஒருவகை ஷ்வான் உயிரணுக்கள், குத்தலைத் தாமே உணர்ந்து நரம்புக்குச் செய்தி தருகின்றன என்று பாட்ரிக் ஏர்ன்ஃபோர்ஸின் குழு காட்டியது. வெறும் போர்வை என்று எண்ணியிருந்தவை காவல்காரர்களாகவும் இருக்கின்றன. தொழுநோய்க் கிருமி வீடாகத் தேர்ந்துகொள்வது ஷ்வான் உயிரணுக்களைத்தான். இரண்டும் ஒரே வகை என்று அவசரப்பட்டுச் சொல்லக்கூடாது. ஆயினும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய இடம் இது.

இந்தக் காவல் எவ்வளவு பழையது என்பதை அறிய அரியலூர்ப் பக்கம் சற்றுத் திரும்பலாம். சிமெண்ட் ஆலைகளுக்குப் போகும் சுண்ணாம்புக்கல் அடுக்குகளில், கிரெட்டேசியக் காலக் கடலில் வாழ்ந்த அம்மோனைட்டுகளின் சுருள் ஓடுகள் கிடைக்கின்றன. 1860களில் ஸ்டோலிக்ஸ்கா இவற்றை விரிவாக வகைப்படுத்தி எழுதினார். கடிபட்டுப் பின் ஆறிய தழும்போடு அம்மோனைட் ஓடுகள் உலகின் பல இடங்களில் கிடைத்துள்ளன. அவற்றுக்கு வலித்ததா என்று கல்லிடம் கேட்க முடியாது. ஆனால் அவற்றின் உறவான கணவாய் இன்றும் கடலில் இருக்கிறது. ராபின் குரூக்கின் குழு 2013ல் கணவாயின் தோலில் ஊறுணர்விகளைக் கண்டது. அவை சூட்டுக்கு அசையவில்லை, நசுக்கலுக்குத் துடித்தன. காயம்பட்டபின் உடலெங்கும் கூர்மையடைந்தன. அடுத்த ஆண்டு, காயத்தின்போது உணர்வை மரக்கச் செய்து அந்தக் கூர்மை வராமல் தடுத்த கணவாய்களை மீன்கள் இருந்த தொட்டியில் விட்டார்கள். காயத்தின் கூர்மையோடு இருந்தவற்றைவிட இவை எளிதில் இரையாயின. நவஜீவ நிலையத்தின் எலிகள் சொன்னதை இந்த மீன்கள் வேறு மொழியில் சொல்கின்றன.

பன்மருந்துச் சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் 1981ல் பரிந்துரைத்தபின் தொழுநோய் குணமாகும் நோயாயிற்று. பள்ளிக்கு வரும் ஊழியர்கள் சட்டையைக் கழற்றச் சொல்லி முதுகில் உணர்ச்சியற்ற தேமல் தேடியது நம்மில் பலருக்கு நினைவிருக்கும். 2005 இறுதியில், பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற அளவை நாடு எட்டியதாக அறிவிக்கப்பட்டது. ஆனால் உலகில் ஆண்டுதோறும் கண்டறியப்படும் புதிய நோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டோர் இன்றும் இந்தியர்களே. மருந்து கிருமியைக் கொல்லும்; செத்துப்போன நரம்பைத் திருப்பித் தராது.

உணர்வற்ற பாதங்களின் எண்ணிக்கையோ குறையவில்லை. நீரிழிவு அந்த இடத்தை எடுத்துக்கொண்டது. சர்க்கரை நோய் மருத்துவமனைகளில் காலைச் சோதிக்கும்போது கண்ணை மூடச் சொல்லி ஒரு நைலான் இழையை உள்ளங்காலில் வைத்து அழுத்துவார்கள். பத்து கிராம் விசையில் அது வளையும். ஃபொன் ஃபிரையின் மயிரிழைதான் நைலான் உடுத்தி வந்திருக்கிறது. தெரிகிறதா என்று கேட்பார்கள். தெரியவில்லை என்றால் எம்.சி.ஆர். செருப்பும், திருமணியிலும் வேலூரிலும் கரிகிரியிலும் தொழுநோயாளிகள் கற்றுக்கொண்ட அதே பாடமும் கிடைக்கும்: செருப்பைப் போடுமுன் உதறிக் கையைவிட்டுத் துழாவுங்கள், வெறுங்காலோடு நடக்காதீர்கள், இரவு படுக்குமுன் உள்ளங்காலைக் கண்ணால் பாருங்கள், குனிய முடியாதவர்கள் தரையில் கண்ணாடியை வைத்துப் பாருங்கள். கருவேல முள் ரப்பரையும் துளைத்து ஏறும். பார்த்தால்தான் தெரியும். தெரிந்தால் எடுத்துவிடலாம், முள்வாங்கி இப்போது அரைஞாணில் இல்லாவிட்டாலும் வீட்டுப் பரணில் எங்காவது கிடக்கும்.